அத்தையிடம் நான் கேட்ட கேள்வி

பக்கத்து அறையில் பேத்தி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நாளைய பிரசன்டேஷனுக்கு ஒத்திகை பார்க்கிறாள். ‘வித் யுவர் பர்மிஷன்’ என்கிறாள். ‘திஸ் பிரிங்ஸ் மீ டு மை நெக்ஸ்ட் பாயின்ட்’ என்கிறாள். ஏதோ வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களாம். இதே வாக்கியங்களை அறுபது வருஷத்துக்கு முன்பு, காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அத்தைக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதற்குப் பிறகு செய்ததில் இல்லை.

அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். ஒரு ஸ்டவ் கம்பெனியில் டைப்பிஸ்ட். கம்பெனி புதிதாகத் திரி ஸ்டவ் ஒன்று செய்திருந்தது. பம்ப் அடிக்க வேண்டாம், இரையாது. கடைக்காரர்களை ஹோட்டல் ஹாலுக்கு அழைத்து, அதை ஒரு பெண் ஆங்கிலத்தில் விளக்கிக் காட்டினால் எடுபடும் என்று மானேஜருக்குத் தோன்றியது. அத்தை நன்றாகச் செய்தால் விற்பனைப் பிரிவில் ஆபீசர் வேலை. ஊர் ஊராகப் போய் ஸ்டவ்வைக் காட்ட வேண்டும்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “ஒரு தடவ போய்ப் பாரு. சரியா வரலன்னா வேலைய விட்டுட்டு வேலூர் மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்லிடணும்” என்று அத்தையிடம் சொல்லியிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பேசியது அது, அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஜெயித்தால் அத்தை மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டாள் என்பதுதான். சனிக்கிழமை மேட்னிக்கு என்னைக் கூட்டிப்போவதும், அப்பாவின் பெல்ட்டுக்கும் எனக்கும் நடுவில் வந்து நிற்பதும் அவள்தான்.

எங்கள் வீட்டு ஆங்கிலம் முழுவதும் சர்ச்சின் இங்கிலீஷ் ஆராதனையிலிருந்து வந்தது. முதல் ஒத்திகையில் அத்தை ‘டியர்லி பிலவ்ட்’ என்று ஆரம்பித்து, ஸ்டவ்வின் நன்மைகளைச் சொல்லி முடித்துத் தலையைத் தாழ்த்தினாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா பழக்கத்தில் “ஆமென்” என்றாள்.

“அண்ணி, நான் ஸ்டவ்வு விக்கப் போறேன். ஞானஸ்நானம் குடுக்கப் போகல.”

“நீ பேசற தோரணைக்கு ஸ்டவ்வ தண்ணியில முக்கித்தான் எடுப்பாங்க.”

நான் கான்வென்ட்டில் டிபேட் பேசுகிறவன். எப்படித் தொடங்குவது, ஒரு விஷயத்திலிருந்து அடுத்ததற்கு எப்படி நகர்வது, ‘டு சம் அப்’ என்று எப்படி முடிப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அத்தை பிடித்துக்கொண்டாள். கேள்வி நேரம் மட்டும் அவளைக் கலக்கியது. பிரசங்கியாரை யாரும் எழுந்து கேள்வி கேட்பதில்லை. ஆகவே எங்கள் வீட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வாக்கியமே கிடையாது. அதற்கும் ஒன்று கொடுத்தேன். ‘ஐ ஆம் க்ளாட் யூ ஆஸ்க்ட் தட்.’ நீங்கள் அதைக் கேட்டதில் மகிழ்ச்சி. யார் என்ன கேட்டாலும் முதலில் இதைச் சொல், அதற்குள் யோசித்துக்கொள்ளலாம் என்றேன்.

ஓர் ஏற்பாடும் செய்துகொண்டோம். அத்தைக்குத் துணையாக நான் போக வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. கேள்வி உண்டா என்று அவள் கேட்கும்போது, நான் எழுந்து மண்ணெண்ணெய் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் தயாராக இருந்தது.

நடுவில் ஒரு விபத்து நேர்ந்தது. ஒத்திகைக்குக் கொண்டுவந்த ஸ்டவ்வை அடுக்களையில் பற்றவைத்த அத்தை, சுவரைப் பார்த்து வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே திரியை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டாள். விட்டம் கறுத்தது. மழைக்காக உள்ளே காயப்போட்டிருந்த அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையும் கறுத்தது. அந்த வாரம் அப்பா பழுப்புச் சட்டையில் சர்ச்சுக்குப் போனார். அதை வெளியில் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு.

ஹோட்டல் ஹாலில் அத்தை பேசியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. கடைக்காரர்கள் டீயை மறந்து கேட்டார்கள். கடைசியில் “எனி க்வெஸ்சன்ஸ்?” என்று என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன்.

“மேடம், இந்த ஸ்டவ் எங்கள் வீட்டு அடுக்களையை ஏன் கறுப்பாக்கியது?” என்று பிசிறில்லாத ஆங்கிலத்தில் கேட்டேன்.

பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தவறவில்லை. பஸ்ஸில் வரும்போதே அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அவள் தோற்றால் வீட்டிலேயே இருப்பாள் என்று நினைத்தேன். தோற்றிருந்தால் வேலூருக்குப் போயிருப்பாள். அதை அம்மா எனக்குச் சொன்னபோது எனக்கே கல்யாணம் ஆகியிருந்தது.

மானேஜர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அத்தையின் கண்கள் என் மேலேயே இருந்தன.

“ஐ ஆம் க்ளாட் யூ ஆஸ்க்ட் தட்” என்றாள்.

பிறகு என் ஆங்கிலத்தையும் சர்ச் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு, தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிப் பேச ஆரம்பித்தாள். ஆமாம், என் வீட்டு விட்டம் கறுத்தது, அண்ணன் சட்டையும் கறுத்தது, நான் திரியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன் என்றாள். சிரித்தார்கள். டீ மேஜையிலிருந்து ஒரு வெள்ளை சாசரை எடுத்து, திரியை உயர ஏற்றி, தீக்கு மேல் பிடித்தாள். சாசர் கறுத்தது. திரியை இறக்கினாள். தீ நீலமாகி அடங்கியது. இன்னொரு சாசரைப் பிடித்தாள். அது வெள்ளையாகவே இருந்தது. இரண்டையும் வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க் காட்டினாள்.

சிவாஜிநகர் கடைக்காரர் ஒருவர் எழுந்தார். “அரே மேடம், இந்தப் பொகைக்குத்தான் முந்தி வித்த கம்பெனி ஸ்டவ்வு பாதி திரும்பி வந்துச்சு. ஏன்னு ஒருத்தனும் சொல்லல. ஆர்டர்ல என் பேர மொதல்ல எழுதுங்க.”

அவருக்குப் பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. மானேஜர் கைதட்ட, ஹாலே தட்டியது. அத்தை இரண்டு கையிலும் சாசர்களோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்ததை நான் வேறு எந்தப் பெண் முகத்திலும் பார்த்ததில்லை. அவளுடைய முகத்தில் பிறகு பலமுறை பார்த்தேன். ஹூப்ளி, மைசூர், மங்களூர் என்று சுற்றி, கடைசியில் ஒரு கிளைக்கே மானேஜராக உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பேடா வாங்கி வந்தாள். தின்றேன். உண்மையைச் சொல்லவில்லை. அவளே இறந்துபோன பிறகு இப்போது சொல்லி என்ன.

அன்று எங்களைக் காரில் கொண்டுவந்து விட்ட மானேஜர், “உங்க பையன் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி” என்று அப்பாவிடம் வாசலிலேயே சொல்லிவிட்டார். கார் தெருமுனையில் திரும்பும்வரை அப்பா சிரித்த முகமாக இருந்தார்.

“வீட்டு விஷயத்த ஊர் நடுவுல கேட்டியாடா?”

அவர் கை இடுப்புக்குப் போவதற்குள் அத்தை நடுவில் வந்து நின்றாள். “நான்தாண்ணா கேக்கச் சொன்னேன். நாங்க பேசி வச்சதுதான் அது. அவன் சரியாத்தான் கேட்டான்.”

அப்பா உள்ளே போனார். அத்தை என் தலையில் கையை வைத்தாள். நான் அதைத் தட்டிவிட்டேன். கைதட்டல் வாங்கிக் கொடுத்த என் கேள்வியை அவள் தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறாளே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் அவளோடு பேசவில்லை.