நான் ஊற்றாத தண்ணீர்

பித்தப்பைக் கல்லை எடுக்க என் மனைவி டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பத்து நாளும் எனக்கு ஒரே ஒரு பொறுப்புத்தான். அதுவும் செய்யாமல் இருக்கிற பொறுப்பு. அவளுடைய ஒன்பது தொட்டிச் செடிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றக் கூடாது.

டவுனில் சக்குலன்ட் என்பார்கள். அவள் வைத்த பெயர் குண்டிலைச் செடி. இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சாதி. அதில் ஒன்று தாமரை போல அடுக்கடுக்காக விரிந்திருக்கும். ஒரு கல்யாண வீட்டில் உதிர்ந்து கிடந்த ஓர் இலையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, மூன்று வருடமாக வளர்த்தது.

பஸ் ஏறும்போது சொன்னாள்: "உங்களுக்குக் கை சும்மா இருக்காது. இருக்கணும். தாமரை செத்துச்சுன்னா நான் வீட்டுக்கு வரல. ஆஸ்பத்திரியிலேருந்து நேரா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

அண்ணன் வீடு பொல்பிட்டியவில். அவள் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை.

நான் சொல் தவறவில்லை. ஒரு சொட்டு ஊற்றவில்லை. செய்தது ஒன்றுதான்: உள்ளே ஜன்னல் கட்டையில் இருந்த தொட்டிகளை, காற்றாட இருக்கட்டுமே என்று முன்வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பின் ஓரத்தில் வரிசையாக இறக்கி வைத்தேன். மேலே தகரம் இருக்கிறது, மழை படாது.

ஐந்தாம் நாள் தாமரையின் அடி இலைகள் பழுப்பாகின. அன்று மாலை போன் வந்தது.

"செடியெல்லாம் எப்படி?"

"நல்லாருக்கு."

"தாமரை?"

"அதுவும்."

"அதுவும்னா?"

"அதுவும் நல்லாருக்கு."

தேயிலைத் தோட்டத்தில் ஆள் மேய்த்த பழைய கங்காணி ஒருவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறார். உலகத்தில் உள்ள எல்லா இலையும் தேயிலையின் உறவுகள் என்பது அவர் எண்ணம். குனிந்து பார்த்தார். "கொப்புளம் போட்டிருக்கு மாப்ள. காப்பர் மருந்து அடி. கேக்கலன்னா கவ்வாத்து வெட்டிரு."

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குத் தறிப்பது. தாமரையின் மொத்த உயரமே நாலு விரல்.

மறுநாள் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் லிந்துலை போனேன். அங்கே பூந்தொட்டி, விதை விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் கடை வைத்திருக்கிறார். கட்டைவிரலால் இலையை அமுக்கிப் பார்த்தார்.

"வெயில் இல்ல இது. வெயில்ல கருகினா மேல்பக்கம் காஞ்சு மொறமொறன்னு நிக்கும். அடி இலை ஒண்ணு ரெண்டு தாள் மாதிரிச் சுருங்கினாலும் பயமில்ல, அது வயசு. இது அடியிலேருந்து கொழகொழன்னு வருது. தண்ணி கூடிருச்சு."

"நான் தண்ணியே ஊத்தலங்க நானா."

"அப்ப வேற யாரோ ஊத்துறாங்க" என்றார், மிளகாய் விதையை நிறுத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து மண்ணைக் கிளறினேன். விரலில் தேயிலைத் தூள் ஒட்டியது. அப்போது பக்கத்து வீட்டுப் பெண், மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவள், நலம் விசாரிக்க ஏறி வந்தாள். "அக்காவுக்கு எப்படிண்ணே இருக்கு?" தேத்தண்ணி கொடுத்தேன். உள்ளங்கையில் சீனியை நக்கிக்கொண்டு குடித்தாள், கண் கலங்கினாள், தூள் தங்கிய கடைசி வாய் அடிமண்டியை, திரும்பிக்கூடப் பார்க்காமல், இஸ்தோப்பின் ஓரத்தில் வீசினாள். நேராகத் தாமரையில்.

எங்கள் பக்கம் அடிமண்டியை யாரும் குடிப்பதில்லை, வெளியே வீசுவதுதான் வழக்கம். நானும் வீசுகிறவன்தான். ஆறு நாளாக லயமே நலம் விசாரிக்க வந்து போயிருந்தது. என் மனைவிமேல் எத்தனை பேருக்குப் பிரியமோ அத்தனை வாய் அடிமண்டி.

ஒன்பதையும் பிடுங்கினேன். மண்ணை உதறி, கறுத்த வேரைக் கத்தியால் நறுக்கி, பேப்பரில் பரப்பி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டேன். பிறகு பருமணலோடு செங்கல் பொடி கலந்து நட்டு, ஜன்னல் கட்டைக்கே ஏற்றினேன். ஒரு வாரத்துக்குத் தண்ணீர் கிடையாது. ஆறு நின்றன. இரண்டு போயின. தாமரைக்குத் தண்டு முழுக்க அழுகல். உச்சியில் ஐந்து இலை மட்டும் கெட்டியாக இருந்தது. அவற்றை அடியோடு பிய்த்து, பிஸ்கட் டப்பா மூடியில் மணல் பரப்பி, மேலே சும்மா கிடத்தினேன். வேர்விட மூன்று நாலு வாரமாகும். அவள் வர இரண்டு நாள்தான் இருந்தது.

ஆட்டோவிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண் தேத்தண்ணி போட்டு ஆளுக்கொரு கோப்பை நீட்டிவிட்டு, தன்னுடையதோடு வாசலில் நின்றாள். மனைவி நேராக ஜன்னலுக்குப் போனாள். எண்ணினாள். மூடியைப் பார்த்தாள்.

"பையைப் பிரிக்காதீங்க" என்றாள்.

"நான் தண்ணி ஊத்தல."

"பின்ன?"

பதில் சொல்ல எனக்கு வேலை வைக்காமல், வாசலில் நின்றவள் கடைசி வாயைத் தொட்டிகள் இருந்த இடத்தில் வீசினாள். வெறும் சிமெந்தில் சளப்பென்று விழுந்தது. மனைவி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எத்தன பேரு வந்தாங்க?"

"லயமே வந்துச்சு. கீழ் லயத்துலேருந்தும்."

"குழாயடிச் சண்டையில எங்கூடப் பேசாமப் போனாளே, அவ?"

"ரெண்டு தடவ."

"தேத்தண்ணி குடிச்சாளா?"

"ரெண்டு தடவையும்."

ஐந்து இலைகளையும் விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றைத் திருப்பி வைத்தாள். நான் குப்புறக் கிடத்தியிருந்தேனாம்.

"பையைப் பிரிங்க. அந்தப் பழைய பெயின்ட் வாளியக் கொண்டாந்து இஸ்தோப்பு ஓரத்துல வைங்க" என்றாள். "இன்னைக்கு இன்னும் ஆளுங்க வருவாங்க."