நான் தூக்காத கை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூட்டம் என்றாலே பயம். அன்றைக்கும் கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணிக் கடையின் மேல்மாடியில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் என்னைப் போல மிக்ஸி, மின்விசிறி திருத்துகிறவர்கள். பேசியவர் எங்களுக்கு உதிரிப்பாகம் விற்கிற முதலாளி. மலிவான புதுச் சாமான் கப்பல் கப்பலாக வருகிறது, சனம் பழையதைத் திருத்தாமல் எறிகிறது, இறக்குமதியை மறுபடி நிறுத்தச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்போம், சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கோ என்றார்.

எல்லாக் கையும் எழும்பியது. என்னுடையது மடியிலேயே கிடந்தது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. என் கடையிலும் வேலை குறைந்துதான் போயிருக்கிறது. எந்த மாதத்தோடு பூட்ட வேண்டி வருமோ என்று தினமும் பயப்படுகிறேன். ஆனால் முன்பு அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியபோது நடந்ததும் மறக்கவில்லை. திருத்த வந்த மிக்ஸிகள் கூரை வரை நிறைந்தன, உள்ளே மாற்றிப் போடுகிற பாகமும் வரவில்லை. வெள்ளவத்தையில் தோசை மாவு அரைத்து விற்கிற அக்கா ஒருத்தர், நோயாளியைப் பார்க்க வருவது போல வந்து தன் கிரைண்டரைப் பார்த்துவிட்டுப் போவார். பழைய சரக்கு இந்த முதலாளியிடம் மட்டும்தான் இருந்தது. அவர் வாயில் வந்ததுதான் விலை.

"என்ன தம்பி, கை நோகுதோ?" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள்.

"கை நல்லாத்தான் இருக்கு முதலாளி. சாமான் வராட்டி இந்தக் கையால என்னத்தைத் திருத்துறது?"

"அப்ப இனி என்ர கடைப் பக்கம் வராதேயும்."

"ஓம். போன்ல ஓடர் பண்ணுவன்."

பக்கத்துக் கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், என் சட்டையை இழுத்தார். "சும்மா இரிங்க தம்பி. நாளைக்கும் அவர்ட்டத்தானே போகணும்."

நான் போகவில்லை. புதுவகை மின்விசிறிக்குள் இருக்கிற சர்க்கியூட் தட்டை முதலில் கண்டபோது கை வைக்கவே பயந்தவன் நான். போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் பழகினேன். அந்தப் போனும் கப்பலில் வந்ததுதான். அதே போனில் அன்று பின்னேரம் பாகங்களுக்கு ஓடர் போட்டேன். காசு போய்விடுமோ, பார்சல் வராமல் விடுமோ என்று நாளுக்குப் பத்துத் தரம் போனைப் பார்த்தேன்.

பார்சல் வந்தது. பிரித்துக்கொண்டிருந்தபோது நானா வந்து நின்றார். "அடுத்த முறை எனக்கும் சேத்துப் போடுங்க தம்பி. முதலாளிக்குத் தெரிய வாணாம்."

"போடுறன் நானா. ஆனா அவர் கேட்டால் ஒளிக்கமாட்டன்" என்றேன். பயம் போகவில்லை; ஆனாலும் போனை எடுத்து, என்ன பாகம் வேண்டும் என்று கேட்டேன்.