துண்டுக்குள் ஒரு பாப்பா

காட்பாடியில் நான் ரயிலேறியபோது பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். ஆம்பூர்க்காரி. புருஷனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலையாம். ஒல்லியான உடம்பு, வெற்றிலையில் சிவந்த வாய். இரண்டு பெண் குழந்தைகளுக்கும் தன் பழைய புடவையைக் கிழித்துத் தானே பாவாடை தைத்துப் போட்டிருந்தாள்.

வாய் என்னோடு பேசினாலும் அவள் கை சும்மா இருக்கவில்லை. ஒரு பழந்துண்டைச் சுருட்டி, ஒரே முடிச்சில் ஒரு பாப்பாவின் தலையை வரவழைத்தாள். முனைகளை இழுத்ததும் கைகள் வந்தன. பிள்ளைகள் அதை மடியில் போட்டுத் தட்டித் தூங்க வைத்தார்கள். சின்னவளுக்கு மூக்கு ஒழுகியதும் முடிச்சை அவிழ்த்துத் துடைத்துவிட்டாள்.

"பாப்பா எங்கேம்மா?" என்றாள் பெரியவள்.

"துண்டுக்குள்ள தூங்குதுடி. இரு, எழுப்புறேன்."

மறுபடி முடிச்சு விழுந்தது. பாப்பா வந்துவிட்டது.

தங்கை மகளுக்காக லாங் பஜாரில் வாங்கிய சீமைப் பொம்மை என் பையில் இருந்தது. எனக்குக் குழந்தை இல்லை. மனசு கேட்காமல் அதை எடுத்துப் பிள்ளைகளிடம் நீட்டினேன். அவள் என் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாங்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. இத குடுத்துட்டா, நாளைக்கு இதுங்களுக்குத் துண்டு வெறும் துண்டாத்தான் தெரியும்."

அரக்கோணத்தில் இறங்கிப் போய்விட்டார்கள்.

அவளைப் போலவே நானும் வீட்டில் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறேன். தலை வருகிறது, கைகளும் வருகின்றன. கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, அவிழ்த்துக் கொடியில் போடுகிறேன். பாப்பா எங்கே என்று கேட்கத்தான் ஆளில்லை.