நின்றுபோன காரும் நாத்தனார் முடிச்சும்

தம்பியின் கல்யாணத்தன்று காலை, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போகும் வழியில், கூட்டரசு நெடுஞ்சாலையில் என் கார் நின்றது. முதலில் ஒரு குலுக்கல், அப்புறம் ஓர் இருமல், அவ்வளவுதான். ஓடிவந்த வேகத்திலேயே இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். பின்னால் வந்த லோரிக்காரர் ஹாரனாலேயே என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. நான் வாங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்றார்கள். எதற்கோ! ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பானெட்டைத் திறந்துவைத்து நோண்டுவதில் எனக்கு ஒரு சுகம். அம்மாவும் மற்றவர்களும் அன்று வேனில் முன்னால் போய்விட்டார்கள். வேனில் இடமில்லாததால் நான் பின்னால் தனியாக வந்தேன்.

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பத் திருப்பினேன். பேட்டரி தீர்ந்தால் அதுவும் போச்சு என்று பயந்து கையை எடுத்தேன்.

தாலிக்கு மூன்று முடிச்சு. முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் எங்கள் பக்கத்தில் அவனுடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. இந்த ஜென்மத்தில் அந்த வேலை எனக்கு ஒரே தடவைதான் வரும். அதற்குத்தான் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, வெயிலில் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பெட்ரோல் பம்ப்தான் என்று முடிவு கட்டினேன். போன மாதம் சூடேறி அதுதான் மக்கர் பண்ணியது. பம்புக்குக் கரண்ட் விடும் ரிலே ஒன்று கைவசம் இருந்தது, அதை மாற்றினேன். பம்ப் ஓடும் சத்தம் கேட்டது, கார் கிளம்பவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தன. பெட்ரோல் வருகிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பிறகு உனக்கு என்னதான் கேடு என்று அதன் மட்கார்டை ஓங்கிக் குத்தினேன். வளையல் உடைந்ததுதான் மிச்சம்.

தம்பி கூப்பிட்டான். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"அக்கா, எங்க இருக்க? ஐயரு கேக்குறாரு."

"காடி நின்னு போச்சுடா."

"ஐயோ. ஆப்ல வேற காடி கூப்பிடு லா."

"கூப்பிட்டேன்டா. ஒரே ஜாம். ஏத்துக்கிட்டவனும் கேன்சல் பண்ணிட்டான்."

"மாமாவ அனுப்பவா?"

"அவரு வந்து திரும்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். நான் வந்துருவேன். கொஞ்சம் நிறுத்தி வைடா, தம்பி."

"அடுத்த கல்யாணக்காரங்க வெளிய நிக்கிறாங்க கா. முடிஞ்ச வரைக்கும் பாக்குறேன்."

போனை வைத்ததும் அழுதேன். கண் மை முகமெல்லாம் வழிந்தது. துடைக்கப் போய் கிரீஸையும் சேர்த்துப் பூசிக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது நெருப்புப் பொறி ஒன்றுதான். அது எஞ்சினுக்குப் போய்ச் சேருகிறதா என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். மூடியில் ஒரு மயிரிழை விரிசல். உள்ளே ஈரம். மழையே பெய்யாத காலையில் எங்கிருந்து ஈரம் என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். விரல் மஞ்சளாக வந்தது. பக்கத்து ஒயர்களின் இடுக்கில் ஒரு வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

அம்மா.

நான் தூங்கி எழுவதற்குள் பானெட்டைத் திறந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். கார் படுத்துக்கொள்ளும்போதெல்லாம் நான் பானெட்டைத்தான் திறப்பேன் என்று பார்த்துவைத்திருக்கிறார், அங்கேயே திருஷ்டி கழித்திருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்பா போனதிலிருந்து அம்மா நல்ல காரியத்துக்குப் போகிறவர்களின் எதிரில் வருவதில்லை. எல்லா விசேஷத்திலும் கடைசி வரிசையில் ஓர் ஓரத்து நாற்காலி. நாங்கள் எவ்வளவு திட்டியும் கேட்டதில்லை. மகள் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டுமென்று, யாரும் பார்க்காத நேரத்தில் வந்து செய்த வேலை அது. மூடிமேல் தேங்கிய தண்ணீர், கார் ஓடிய குலுக்கலில் விரிசல் வழியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிவிட்டது.

கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு முந்தானையைச் சுருட்டி மூடியின் உள்பக்கத்தைத் துடைத்தேன். பட்டு ஈரத்தை உறிஞ்சவே மாட்டேன் என்றது. உள்பாவாடையின் ஓரத்தைக் கிழித்துத் துடைத்தேன். சுற்றிலும் யார் பார்த்தார்கள் என்று எனக்குக் கவலையில்லை. மூடியை வெயிலில் காயவைத்து, ஊதி, திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினேன். கார் கனைத்துக்கொண்டு கிளம்பியது.

ஜாமில் ஊர்ந்து பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தேன். நிறுத்த இடம் கிடைக்காமல், ஒரு புடவைக் கடை வாசலில் குறுக்காக விட்டுவிட்டு ஓடினேன். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கெட்டிமேளம் முழங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மணப்பெண்ணின் பின்னால் குனிந்து நின்றது எங்கள் சித்தி மகளாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அம்மா. தம்பி ஒரு கையால் அவர் முழங்கையைப் பிடித்திருந்தான். மூன்றாவது முடிச்சு சரியாக விழாமல், அவிழ்த்து மறுபடியும் போட்டார்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று சொன்னால் அது பொய். பாதி பொய். அது என்னுடைய இடம். அந்த இரண்டு முடிச்சும் என்னுடையவை. ஆனால் நான் நேரத்துக்கு வந்திருந்தால் அம்மா அந்தக் கடைசி வரிசையிலிருந்து எழுந்தே இருக்க மாட்டார்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் அம்மா என்னிடம் வந்தார். தப்பு செய்தவர்போல நின்றார்.

"நீ போட வேண்டியதுமா. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அவன்தான் கையப் புடிச்சு இழுத்துட்டான்." என் முகத்தில் இருந்த கிரீஸைத் தன் முந்தானையால் துடைத்தார். "காடிக்கு என்னாச்சு? எதனால நின்னுச்சு?"

அவர் நகக்கண்களில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"தெரியலம்மா," என்றேன். "அதுவா நின்னுச்சு, அதுவா கெளம்பிருச்சு."