எகிப்து ராஜாவும் மணியக்காரர் காளையும்

ஆம்பூரில் நான் ஐந்தாம் பாரம் படித்த வருஷம், எங்கள் ஊர் மணியக்காரர் வீட்டுக் காளை ஒன்று ஒரே பகலில் வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனது. செத்த மாட்டை உரித்து, தோலை உப்பிட்டு, பதனிடும் ஷாப்பில் சேர்ப்பது என் நைனாவின் வேலை. அந்தக் காளையையும் அவர்தான் உரித்தார். தோலுக்காக யாரோ வாழைப்பழத்தில் விஷம் வைத்துவிட்டதாகப் பத்து நாளாக ஊரில் பேச்சு. யார் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நைனாவைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மணியக்காரர் மகன் என் வகுப்பில்தான் படித்தான்.

சரித்திர வாத்தியார் ஒருநாள் மதராஸ் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்தார். எகிப்தில் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜா ஒருவனின் சமாதியைத் தோண்டி, உடலில் சுற்றிய துணியைப் பிரித்திருந்தார்கள். வயது பதினெட்டுதான் இருக்குமாம்.

"எப்படிச் செத்தான்னு எங்கேயும் எழுதி வைக்கலை. நீங்க சொல்லுங்கடா," என்றார்.

"அவனுக்கு அடுத்து யாரு சார் ராஜா?" என்று கேட்டான் தோல் மண்டிக்காரர் மகன்.

"வயசான மந்திரி ஒருத்தர்."

"அப்புறம் இன்னா சார் சந்தேகம்? புடிங்க சார் அந்தக் கெழவன!"

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டு, "உடம்பை உப்பிலே வெச்சுக் காயப் போட்டிருக்காங்க. தோல் இன்னும் இருக்கு," என்றார்.

உப்பு, தோல் என்றதும் நான் எழுந்துவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று பாடத்தில் வந்தது அன்றுதான்.

"தோலப் பாத்தாலே சொல்லலாம் சார். அறுத்த மாட்டுத் தோல்ல ரத்தம் நிக்காது, உள்பக்கம் வெள்ளையா இருக்கும். தானா செத்ததுல கோடு கோடா ரத்தம் தெரியும்."

"பலே! விஷம் வெச்சிருந்தா?"

எனக்குத் தெரியாது. ஆனால் வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுவும் தெரியும் சார்," என்றேன்.

"விஷம் தின்ன மாட்டுத் தோல நீ எங்கடா பாத்த?" என்றான் மணியக்காரர் மகன்.

வாத்தியார் பத்திரிகையை மடித்தார்.

வீட்டுக்கு வந்து, கை கழுவிக்கொண்டிருந்த நைனாவிடம் நடந்ததை நானே சொன்னேன். செம்பை அப்படியே கீழே வைத்தார்.

"நெசமாவே தெரியுமா உனுக்கு?"

"தெரியாது நைனா. சும்மா பெருமைக்குச் சொன்னேன்."

"நாளைக்குப் போயி அதையே சொல்லு. அத்தினி பேரு முன்னாலயும் சொல்லு."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்காததுதான் பயமாக இருந்தது.

மறுநாள் எழுந்து நின்று சொன்னேன். வாத்தியார் உட்காரச் சொன்னார். மணியக்காரர் மகன் விடவில்லை.

"உங்கப்பன் சொல்லி அனுப்புனானா?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் நைனா மாட்டிக்கொள்வார். நான் வாயைத் திறக்கவில்லை.

"பாத்தீங்களா சார்!" என்றான். மண்டிக்காரர் மகன்கூட ஒரு கேலியும் பேசவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது எனக்குத் தோன்றியது. நைனா ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்? காளை செத்த அன்று காலையில் அவர் எங்கே இருந்தார் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. பெற்ற தகப்பனைப் பற்றி இப்படி யோசிக்கிறேனே என்று என் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் யோசனை நிற்கவில்லை.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"நம்புனாங்களா?"

"நம்பிட்டாங்க நைனா."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"போ, போய் சோறு துன்னு," என்றார்.