யாரும் திருடாத கார்

கடைவாய்ப் பல்லில் துளை போட்டுக்கொண்டிருக்கும்போதே பல் டாக்டர் தலையைத் திருப்பிக் கைப்பேசியைப் பார்க்கிறார். கருவித் தட்டுக்குப் பக்கத்தில், பஞ்சு டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறார் அதை. திரையில் அவர் வீட்டுக் கார் கொட்டகை தெரிகிறது. கொட்டகைக்குள் தலை முதல் கால் வரை உறை போர்த்திய ஓர் உருவம். அது அசையவில்லை. காலையிலும் அசையவில்லை, நேற்றும் அசையவில்லை. திருப்திப்பட்டு மறுபடி பல்லுக்குத் திரும்புகிறார்.

"நம்ம வண்டிங்க. அப்பப்ப ஒரு பார்வை பார்த்துக்கணும். காலம் கெட்டுக் கிடக்கு."

நாற்காலியில் படுத்திருப்பவர் 'ஆ' என்கிறார். வாய்க்குள் பஞ்சும், எச்சில் உறிஞ்சும் குழாயும், டாக்டரின் இரண்டு விரல்களும் இருக்கும்போது மனிதன் வேறென்ன சொல்ல முடியும்? இப்படிப்பட்ட ஆட்களிடம் பேசுவதில் டாக்டருக்குத் தனிப் பிரியம். குறுக்கே பேச மாட்டார்கள். எழுந்து போகவும் மாட்டார்கள்.

ஐம்பதைத் தாண்டியவர். நல்ல கைராசி, நல்ல வருமானம். இளவயதிலிருந்தே சீறிப் பாய்கிற கார் ஒன்று வாங்க வேண்டும், சிவப்பு நிறத்தில் வாங்க வேண்டும் என்று ஒரே ஆசை. பெண்ணைக் கட்டிக்கொடுத்து, வீட்டுக் கடனை அடைத்து, ஒருவழியாக வாங்கப் போனார். மற்றவர்கள் இந்த மாதிரி கார் விற்கும் இடத்துக்குப் போனால் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பார்கள். உட்கார்ந்து பார்ப்பார்கள், ஒரு சுற்று ஓட்டியும் பார்ப்பார்கள். நம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இதை எப்படித் திருடுவாங்க?"

டை கட்டிய விற்பனையாளருக்குச் சிரிப்பு உறைந்துவிட்டது. அவர் என்ஜினைப் பற்றிச் சொல்ல, டாக்டர் பூட்டைப் பற்றிக் கேட்க, இப்படியே பாதிப் பகல் போயிற்று. கடைசியில் அந்த மனிதர் வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டார். இந்தக் காலத்துத் திருடர்களுக்குச் சாவியே வேண்டாம், சாவி வீட்டுக்குள் இருந்தாலும் அது விடுகிற அலையைச் சுவருக்கு வெளியே நின்றே பிடித்து, காரை ஏமாற்றித் திறந்துவிடுவார்கள் என்று. அன்று முதல் டாக்டர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டார். "சாவி நம்ம கையிலயே இருக்கும், வண்டி போயிருக்கும்," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போதே அவர் கண்கள் விரியும். அந்தப் பயத்தில் அவருக்கு ஒரு ருசி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பயந்தவர் வாங்காமலே இருந்திருக்கலாம். வாங்கினார். சிவப்பு கண்ணை உறுத்தும் என்று அதை விட்டார். கறுப்பும் வெள்ளையும் திருடர்களுக்குப் பிடித்த நிறங்கள் என்று எங்கோ படித்ததால் அவற்றையும் விட்டார். யாருமே விரும்பாத நிறம் எது என்று விசாரித்து, காய்ந்த சேற்றின் நிறத்தில் ஒன்றைப் பிடித்தார். வீட்டு வாசலில் வந்து நின்றதைப் பார்த்த மனைவி கேட்டாள், "இதுக்கா இத்தனை வருஷம் ஆசைப்பட்டீங்க?"

அத்தோடு விட்டாரா? காரின் பின்பக்கத்தில் அதன் வகையையும் சக்தியையும் சொல்கிற வெள்ளி எழுத்துகள் இருந்தன. கூடுதலாகப் பணம் கொடுப்பதே அந்த எழுத்துகளுக்காகத்தான். மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து வந்து பசை இளகும்வரை சூடு காட்டி, பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற நூலை எழுத்துகளுக்குப் பின்னால் விட்டு, இழுத்து இழுத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தார். ஒரு கீறல் இல்லை. தொழில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். திருடனுக்கு இனி இது என்ன கார் என்றே தெரியாது என்று கைகளைத் தட்டிக்கொண்டார்.

திருடனுக்கு மட்டுமா தெரியாமல் போயிற்று? எதிர்வீட்டுக்காரர் வந்து, "புது வண்டியா? மைலேஜ் நல்லா வருதா?" என்று கேட்டார். அன்று டாக்டர் சாப்பிடவில்லை. அதற்குப்பின்தான் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, அது உண்மையில் என்ன கார், அதன் சக்தி என்ன, அதைக் கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று அவரே விளக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவரிடமும், "வெளிய சொல்லிடாதீங்க," என்று கேட்டுக்கொண்டார். இப்படிக் காதும் காதும் வைத்தாற்போல் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

சாவியின் கதை தனி. கருவிகளைக் கொதிக்கவைத்து எடுத்துவைக்கிற எவர்சில்வர் பெட்டி ஒன்றைக் கிளினிக்கிலிருந்து கொண்டு வந்தார். சாவியை அதற்குள் போட்டு மூடி, பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு காரின் கதவை இழுத்துப் பார்த்தார். திறந்துவிட்டது. முகம் வெளிறிப்போய்ப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பீரோ சாவியை எங்கே வைப்பது என்பதில் இன்னும் குழப்பம்தான். வேடிக்கை பார்க்க வந்திருந்த மனைவியின் தம்பி பொறுக்கமாட்டாமல் சொன்னான், "அத்தான், திருடனாவது வெளிய இருந்தே எடுத்துட்டுப் போயிடுவான். உங்களால வீட்டுக்குள்ள இருந்துகிட்டே எடுக்க முடியல."

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பிறகு அந்தக் கார் எங்கேதான் போகும்? எங்கேயும் போகாது. கிளினிக் வாசலில் நிறுத்தினால் எவன் எப்போது வருவானோ. கடைத்தெருவில் நிறுத்தினால் நாலு பேர் கண் படும். பேட்டரி செத்துப்போகக் கூடாது என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனைவரை போய்த் திரும்புவார். சீறிப் பாய வேண்டிய அந்தக் கார் வேகத்தடைகளின்மேல் கர்ப்பிணி மாதிரி ஏறி இறங்கும்.

மற்ற நாட்களில் டாக்டரைக் கிளினிக்கில் கொண்டுபோய் விடுவது மனைவியின் சின்னக் கார். அதை விவரமாகச் சொல்ல வேண்டும். பழசு. ஒரு பக்கக் கதவில் நசுங்கல். பின்சீட்டில் ரப்பர் பட்டைகள், பெரிய பந்து ஒன்று, நடக்க முடியாதவர்கள் பிடித்து நடக்கிற, மடக்கக்கூடிய இரும்பு நடைசட்டம். மனைவி வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்பவள். விழுந்து எலும்பு முறிந்தவர்கள், பக்கவாதத்தில் கை விழுந்தவர்கள் என்று ஊரின் நாலு மூலையிலும் அவளுக்கு ஆட்கள் உண்டு. அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தவரை, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிவரை நடக்க வைத்திருந்தாள். அடுத்தது கேட் வரை என்று இருவருக்கும் ஒப்பந்தம். வாழ்நாள் முழுக்க நடந்த மனுஷன், இப்போ கேட்டைப் போய்த் தொடறதுக்கு என்கிட்ட கெஞ்சறார் என்று அவள் வீட்டில் சொல்லிச் சிரித்தாள். டாக்டர் கைப்பேசியில் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சின்னக் காருக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார் டாக்டர். இருட்டியதும் கொட்டகையின் வாயை அடைத்தாற்போல் அதைக் குறுக்கே நிறுத்தினார். பெரியதை எடுக்க வேண்டுமானால் திருடன் முதலில் சின்னதை நகர்த்த வேண்டும் அல்லவா? நல்ல யோசனைதான். ஆனால் அவருடைய மூளை அங்கே நிற்கவில்லை. திடீரென்று தீப்பிடித்தால்? பெரியதைக் காப்பாற்ற வேண்டுமானால் குறுக்கே நிற்கும் சின்னதை நொடியில் நகர்த்த வேண்டுமே. அப்போது போய்ச் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே சின்னக் காரின் சாவி, சின்னக் காரிலேயே, ஓட்டுநர் காலடி விரிப்பின் கீழே இருக்கும் என்று முடிவு செய்தார். கதவும் பூட்டப்படாது. அவசரத்துக்கு.

"என் வண்டி போச்சுன்னா?" என்று மனைவி கேட்டாள்.

டாக்டர் மனம்விட்டுச் சிரித்தார். "உன் வண்டியை யாரு எடுப்பா?"

எடுத்தார்கள். ஒரு நாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பல் துலக்கிக்கொண்டிருந்த டாக்டர் வாயில் நுரையோடு ஓடிவந்தார். அந்த வெறுந்தரையைத் தாண்டிக்கொண்டு நேரே கொட்டகைக்குள் போனார். உறையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். சக்கரம் இருந்தது. சுற்றி வந்து மற்ற மூன்றையும் பார்த்தார்.

"அப்பாடா," என்றார்.

மனைவி அதைக் கேட்டாள். அந்தச் சொல் வீட்டுக்குள் வெகுநாள் கிடந்தது.

புகாரை விசாரிக்க வந்த போலீஸ்காரர் கேமரா உண்டா என்று கேட்டார். கேமராவுக்கா பஞ்சம்? நான்கு இருந்தன. நான்கும் பெரிய காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன, முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கத்திலிருந்து, மேலேயிருந்து. உறை போர்த்திய கார் இரவெல்லாம் உறங்குகிற அழகை போலீஸ்காரர் பொறுமையாகப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் உறையின்மேல் ஒரு வெளிச்சம் விழுந்து, மெல்ல நகர்ந்து, மறைந்தது. அதுதான் சின்னக் கார் போனது.

டாக்டருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்டே விட்டார். "வழிதான் திறந்து கிடந்துச்சே சார். பெரிய வண்டியை ஏன் தொடலை?"

"சின்ன வண்டின்னா பிரிச்சு வித்தா ஒரே நாள்ல காசு. இந்த மாதிரி வண்டி எல்லா ரோட்லயும் ஓடுது, பார்ட்ஸுக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்கான்," என்றார் போலீஸ்காரர். பிறகு கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி, "இது என்ன வண்டி?" என்றார்.

டாக்டருக்கு முகம் தொங்கிப்போயிற்று. மனைவியின் பிழைப்பு போனதற்கு வராத வருத்தம், தன் காரை ஒரு திருடன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்றதும் வந்தது. கதவு பூட்டாமல் சாவியையும் உள்ளேயே வைத்திருந்ததால் இழப்பீடு கிடையாது என்று காப்பீட்டுக்காரர் சொன்னபோதுகூட அவர் அவ்வளவு வாடவில்லை. "அவசரத்துக்கு வச்சதுங்க," என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தரையைப் பார்த்தாள்.

கிளினிக்கில் இப்போது பேச்சு மாறியது. "நம்ம வீட்லயும் திருட்டுப் போயிடுச்சுங்க. சாவி வீட்லயே இருந்துச்சு, வண்டி போயிடுச்சு," என்பார் துளை போட்டுக்கொண்டே. வாய் திறந்து கிடப்பவரின் கண்கள் பரிதாபத்தில் விரியும். போனது பெரிய கார் என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் திருத்தவில்லை. ஒருவர் வாய் கொப்பளித்துவிட்டு எழுந்து அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆறுதலையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

மனைவி பஸ்ஸில் போனாள். நடைசட்டத்தோடு பஸ் ஏற முடியாது, பந்தோடு ஏறினால் சிரிக்கிறார்கள். தூரத்து வீடுகளை ஒவ்வொன்றாக விட வேண்டியதாயிற்று. தபால்காரர் வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வாரம் முழுக்கப் போனவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனாள், பிறகு அதுவும் குறைந்தது. ஒரு காலை அவருடைய மகள் கூப்பிட்டாள். அப்பா இரண்டு நாளாகக் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறார், நீங்கள் இனி வரப்போவதில்லை என்று நினைத்துவிட்டார் என்றாள். மனைவி கைப்பேசியை வைத்துவிட்டு டாக்டரிடம் வந்தாள்.

"இன்னைக்கு என்னை நீங்க கொண்டுபோய் விடுங்க. அந்த வண்டியில."

கேட்கிற குரலாக இல்லை அது. டாக்டர் அந்தத் தெரு எப்படி என்று கேட்டார், அங்கே நிறுத்த இடம் எப்படி என்று கேட்டார். நான் உள்ளே இருக்கும்போது நீங்கள் காரிலேயே உட்கார்ந்திருங்கள், யார் வேண்டாம் என்றது என்றாள். பீரோவைத் திறந்து, பெட்டியைத் திறந்து, அதற்குள் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்தார். உறையை மடித்து வைத்தார். காரை வெளியே எடுத்துத் தெருவோரம் நிறுத்தினார். என்ஜின் உறுமியது. அந்த உறுமலைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்தவருக்கு, அதே உறுமல் தெருவுக்கெல்லாம் கேட்குமே என்றதும் நெஞ்சு படபடத்தது.

மனைவி வீட்டைப் பூட்டிக்கொண்டு வேகமாக வந்தாள். ஒரு தோளில் பை, ஒரு கையில் புதிதாக வாங்கிய நடைசட்டம். பக்கவாட்டுக் கண்ணாடியில் டாக்டருக்கு முதலில் தெரிந்தது, பின்னாலிருந்து யாரோ கையில் இரும்பை வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான். கட்டைவிரல் தானாகப் போய்ப் பொத்தானை அழுத்தியது. கதவுகள் நான்கும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

அவள் கைப்பிடியை இழுத்தாள். குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள். யாரென்று அவருக்கு இப்போது நன்றாகவே தெரிந்தது. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினார்.

"பின்னால யாராச்சும் வர்றாங்களான்னு பார்த்துச் சொல்லும்மா," என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். நடைசட்டத்தை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். திருப்பத்தில் அவள் மறையும்வரை டாக்டர் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது.