ஆறு வயது அத்தை

இது கதை இல்லை. நடந்தது. நம்பாதவர்களோடு நான் மல்லுக்கட்டப் போவதில்லை. ஆனால் யாருக்கு நடந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். எனக்கு நடந்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். இருட்டில் கொடியில் ஆடும் சட்டையைப் பார்த்து அலறுகிற ஆள் நான். நடந்தது என் அக்காவுக்கு. அவள் கணக்குத் தணிக்கை செய்கிறவள். பேயே எதிரில் வந்து நின்றாலும் அடையாள அட்டை எங்கே என்று கேட்பாள்.

ராத்திரியும் இல்லை. பட்டப்பகல்.

எங்கள் அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்களாம். ஆறு வயதில் விஷக்காய்ச்சல் வந்து போய்விட்டாள். முறைக்கு எங்களுக்கு அத்தை. ஆறு வயதில் ஒரு அத்தையா என்று சிறுபிள்ளைகளாக நாங்கள் சிரித்திருக்கிறோம். அப்பா சிரித்ததில்லை. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, தொற்றுநோய் என்று சொல்லிப் பத்து வயது அப்பாவை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். "சாயந்திரம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று வாசலில் நின்று கத்தினாராம். மறுநாள் ஆணி அடித்த பெட்டி ஒன்று நேராக இடுகாட்டுக்குப் போனது. முகத்தைக் கூடக் காட்டவில்லை.

இந்த வருடம் அந்த இடுகாட்டின் வழியாகச் சாலை போட முடிவானது. உறவினர்கள் பழைய பதிவுகளைக் காட்டி வெள்ளிக்கிழமைக்குள் உரிமை கோரினால் குழியைத் திறந்து மிச்சத்தை ஒப்படைப்பார்கள். யாரும் கேட்காதவை எல்லாம் சேர்த்து ஒரே குழியில். படுத்த படுக்கையாக இருந்த அப்பா, அக்காவைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"தனியா இருக்கணும்னா அவளுக்கு ரொம்பப் பயம். விட்டுடாதேம்மா."

அதனால்தான் அக்கா புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மாவட்ட ஆவண அலுவலகத்துக்குப் போனாள். தடித்த சுவர்கள், உயரமான ஜன்னல்கள், எப்போதோ வெள்ளையடித்த கட்டடம். படிக்கும் அறையில் நீளமான மேசை ஒன்று. சுவரில் அலமாரிக் கதவு மாதிரி ஒரு சின்ன இரும்புக் கதவு. அதற்குள் கயிற்றில் தொங்கும் மரப்பெட்டி. புத்தகங்கள் ஏறி இறங்குகிற லிஃப்ட் அது.

அறையின் கிளார்க் முறையைச் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பதிவேடு வேண்டும், கேட்பவர் யார் என்று சீட்டில் எழுத வேண்டும். பெட்டியில் போட்டு மணியை அடிக்க வேண்டும். புத்தகம் கைக்கு வந்ததும் சீட்டின் ஓரத்தைக் கிழித்துவிட வேண்டும். ஓரம் கிழிந்திருந்தால் கேட்டது வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவும் சொல்லிவிட்டு, இப்போது எல்லோரும் சாப்பிடும் நேரம், ஆள் வந்த பிறகுதான் புத்தகம் வரும் என்று டிபன் பாக்ஸோடு கிளம்பினார்.

அக்காவுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். அவர் வாசலைத் தாண்டியதுமே சீட்டு எழுதினாள். இடுகாட்டுப் பதிவேடு, அந்த வருடம், தன் பெயர். பெட்டியில் போட்டு மணியை அடித்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து.

கயிறு உடனே நகர்ந்தது.

பரவாயில்லையே, பசியைப் பார்க்காத ஊழியர்கூட இருக்கிறாரே என்று மனதுக்குள் பாராட்டினாளாம். பெட்டி கீழே போனது. ரொம்ப நேரம் போனது. அப்புறம் காலுக்கு அடியிலிருந்து கிறீச்... கிறீச்... என்று ஏறி வந்தது.

உள்ளே ஒரு புத்தகம். ஆனால் கேட்டது அது இல்லை. காய்ச்சல் ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு என்று அட்டையில் இருந்தது. ஓரமெல்லாம் ஈரம். ஃபீனைல் வாசனை. விரித்து வைத்த பக்கத்தில் அத்தையின் முழுப் பெயர், தாத்தாவின் பெயர், வயது ஆறு. அக்காவின் கண் பழக்கதோஷத்தில் கடைசிக் கட்டத்துக்குப் போனது. உடல் ஒப்படைத்த நாள். இறந்துபோன மற்ற குழந்தைகளுக்கெல்லாம் தேதி இருந்தது. அத்தைக்கு நேரே வெற்றிடம்.

எழுத மறந்திருப்பார்கள் என்று நினைத்தாள். ஆனால் அவளுக்கு வேண்டியது குழியின் எண். அது இதில் இல்லை. இன்னொரு சீட்டில் 'இடுகாட்டுப் பதிவேடு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு அனுப்பினாள்.

இந்தத் தடவை பெட்டி கீழே போய் நின்றதும் ஒரு சத்தம் கேட்டது.

தப்... தப்... தப்...

ஓடுகிற சத்தம். வெறுங்கால். சின்னக் கால்.

யாரோ பிள்ளையை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கயிறு நகர்ந்தது.

பெட்டி வந்தது.

புத்தகம் இல்லை. ஒரே ஒரு சீட்டு. அவள் அனுப்பியது இல்லை. அதே அலுவலகச் சீட்டு, ஓரம் கிழியாதது, ஆனால் பழுப்பேறிப் போனது. பென்சிலில், கோணல்மாணலாக, பெரிய பெரிய எழுத்து.

வேண்டியது: அண்ணன்.

கேட்பவர்: சிட்டு.

அந்தப் பெயரை அக்கா அங்கே யாரிடமும் சொல்லவில்லை. எதிலும் எழுதவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அது கிடையாது.

மணி அடித்தது.

அவள் அடிக்கவில்லை.

அக்கா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். கிளார்க் திரும்பி வரும்வரை சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாளாம். அந்த நிலைமையிலும் சீட்டைக் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள். ஆதாரத்தை விட்டுவிட்டு வருகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கிளார்க் வந்தார். மேசையில் இருந்த ஈரப் புத்தகத்தைப் பார்த்தார். தொடவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கீழேயிருந்து என்றாள் அக்கா.

அவர் போய் அந்த இரும்புக் கதவைச் சாத்தினார்.

"கீழே எதுவும் இல்லம்மா. இந்தக் கட்டடமே பழைய காய்ச்சல் ஆஸ்பத்திரிதான். கீழ்த்தளத்துல வெள்ளம் புகுந்தப்பவே செங்கல் வச்சு அடைச்சுட்டாங்க. புத்தகமெல்லாம் மாடியில இருக்கு. பெட்டி மேலேருந்து இறங்கித்தான் வரும்."

அவரே மாடிக்குப் போய் இடுகாட்டுப் பதிவேட்டைக் கையில் தூக்கி வந்தார். குழி எண் கிடைத்தது. விண்ணப்பம் போனது. அன்று இரவு அக்கா என்னிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று முடிவு செய்தோம்.

வெள்ளிக்கிழமை. குழியைத் திறக்க அக்கா இடுகாட்டுக்குப் போனாள். நான் அப்பாவுக்குத் துணையாக வீட்டில் இருந்தேன்.

மத்தியானம் அவர் கண்ணைத் திறந்தார். மாதக்கணக்கில் தலையைக் கூடத் தூக்காதவர், கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தார். கால் தரையில் எதையோ துழாவியது. என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துச் சிரித்தார்.

"இரு சிட்டு. செருப்பைப் போட்டுக்கிட்டு வர்றேன்."

வாசலில் யாரும் இல்லை.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள்... முடிந்துவிட்டது.

அக்காவுக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். "பெட்டியில எதுவுமே இல்லடா. வெறும் மணல்."

அத்தை அந்த ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரவே இல்லை. எங்கே வைத்தார்கள், ஏன் மறைத்தார்கள், இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கீழ்த்தளத்துச் சுவரை உடைத்துப் பார்க்கச் சொல்லி அக்கா மனு மேல் மனு போடுகிறாள். பதில் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

அன்று சாயங்காலம் அப்பாவின் மருத்துவச் சீட்டுகளை எடுக்க அக்கா கைப்பையைத் திறந்தாள். காலையிலிருந்து அவள் தோளை விட்டு இறங்காத பை. உள்ளே கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பழுப்புச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

அதன் ஓரம் கிழிந்திருந்தது.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மத்தியானம் அப்பாவின் மூடிய வலது கையை நீவி விரித்தபோது உள்ளே ஒரு காகிதத் துண்டு இருந்தது. மாத்திரை உறை என்று நினைத்துச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். எடுத்தேன். முக்கோணமாக, பழுப்பாக, லேசான ஈரத்தோடு இருந்தது.

அக்கா அதை வாங்கிச் சீட்டின் ஓரத்தில் வைத்தாள். பொருந்தியது. எதற்கும் ஆயிரம் கேள்வி கேட்கிற என் அக்கா, அன்று ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.